நகராத மேடு

எனக்கு மீன் பிடிக்காது. இதை வெளியில் சொன்னால் சிரிக்கிறார்கள், ஏனென்றால் என் பிழைப்பே மீன்தான். துறைமுகத்தில் இறங்குகிற மீனில் கொஞ்சம் எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு வரும். அதை அரைத்து, எடை போட்டு, அமிலத்தில் கரைத்து, ஈயம் எவ்வளவு, பாதரசம் எவ்வளவு, ஆர்சனிக் எவ்வளவு என்று அளந்து கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். மாலையில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரி ஜன்னலைத் திறப்பாள், அப்புறம் மெதுவாக எழுந்து வேறு இடம் பார்ப்பாள். நாள் முழுக்க அதோடு குடித்தனம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து தட்டிலும் அதே முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

ஆனால் அந்த வருடம் எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாளே இல்லை. காரணம் அண்ணி.

அண்ணிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை கரு நின்று, இரண்டு முறையும் கலைந்துவிட்டது. மூன்றாவதாகத் தங்கியது இது. ஆரம்பத்தில் தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்தது. கன்னம் ஒட்டிப் போய், நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் பக்கத்து வீட்டிலிருந்து மீன் பொரிக்கிற வாசனை வந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்த ஓடினேன். "சாத்தாதே," என்றாள் அண்ணி. "எனக்கு அது வேணும்." அன்றிலிருந்து அவள் வயிற்றில் தங்கிய ஒரே சாப்பாடு மீன்தான்.

அண்ணன் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். கடலோரத்து உலோக ஆலையைப் பற்றி யாரோ எதையோ சொல்லிவிட, பயந்து போய் என்னிடம் வந்தான். "தினமும் மீன் சாப்பிடறாளே, அதுல எதுவும் கலந்திருக்காதே?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நான் எதுக்கு இருக்கேன்? அது நான் அளந்த மீன். அண்ணி, நீங்க தைரியமா சாப்பிடுங்க. அதுல ஏதாவது இருந்தா உலகத்துக்கே முன்னாடி எனக்குத் தெரியும்!"

அண்ணி என்னை 'மீன் போலீஸ்' என்று கூப்பிட ஆரம்பித்தது அன்றுதான். அதற்கப்புறம் மீனை நானே வாங்கிவந்தேன். கூடத்துக்குச் சாம்பிள் எடுக்கிற அதே படகு, அதே கூடை. பாதி அங்கே, பாதி வீட்டுக்கு. பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு பூனை என் பையோடு வீடுவரைக்கும் வரும்.

அண்ணி ஒன்றே ஒன்றைச் செய்யமாட்டாள். அந்தக் குழந்தையைக் கணக்கில் சேர்க்கமாட்டாள். துணி வாங்கவில்லை, பெயர் யோசிக்கவில்லை. அண்ணன் ஒருமுறை விளையாட்டாக, "ரெண்டு பேருக்கு சாப்பிடற, நல்லா சாப்பிடு," என்றான். அவள் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. "ஒருத்திதான் சாப்பிடறேன்," என்றாள்.

அப்போதுதான் கூடத்துக்குப் புது மெஷின் வந்தது.

பழைய மெஷினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மீனை நைட்ரிக் அமிலத்தில் போட்டுக் கொதிக்கவைப்போம். சதை, தோல், முள் எல்லாம் கரைந்து, பழுப்பாகப் புகைந்து, கடைசியில் தண்ணீர் மாதிரித் தெளிந்துவிடும். அதில் ஒரு மருந்தைச் சேர்த்தால் உள்ளே இருக்கிற ஆர்சனிக் வாயுவாகி மேலே வரும். அந்த வாயுவைச் சூடான கண்ணாடிக் குழாயில் விட்டு, குறுக்கே ஒரு விளக்கைப் போட்டு, வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்போம். குறைந்தால் ஆர்சனிக் இருக்கிறது. மீனில் அது எப்போதும் கொஞ்சமாகத்தான் இருந்தது, ஆளுக்கு எந்தக் கெடுதலும் செய்யாத அளவு.

முறை சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது சோதிப்போம். அரைத்த மீனில் தெரிந்த அளவு ஆர்சனிக்கை நாங்களே போட்டு, அது முழுசாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்போம். போட்டதெல்லாம் வந்துவிடும். எனக்கு அதில் அவ்வளவு பெருமை. நாங்கள் போட்டதை நாங்களே எடுத்துக்கொண்டிருக்கிறோம், மீன் தானாக வைத்திருப்பது வேறாக இருந்தால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

புது மெஷின் ஆளுயரம் நீளம். உள்ளே ஆர்கான் வாயுவில் ஒரு சின்ன தீ எரியும். கட்டைவிரல் அளவுதான், ஆனால் சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடு. அந்தத் தீக்குள் எந்தப் பொருளை விட்டாலும் அது அணு அணுவாக உதிர்ந்துவிடும். உதிர்ந்த அணுக்களை எடைபார்த்துப் பிரித்து எண்ணுவது மெஷினின் வேலை. கறுப்புக் கண்ணாடிச் சதுரம் வழியாக அந்தத் தீயை முதல்முறை பார்த்தபோது நான் பேச்சில்லாமல் நின்றேன். என்னைப் பேச்சில்லாமல் நிறுத்துவது லேசான காரியம் இல்லை என்று எங்கள் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

என்னோடு வேலை பார்க்கிறவனுக்கு உப்பு என்று பெயர் வைத்தது நான்தான். எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும், எந்த எண் இடித்தாலும், "உப்பா இருக்கும்" என்பான். ஒருமுறை லிஃப்ட் நடுவில் நின்றபோதும் அதையே சொன்னான். அவன்தான் சொன்னான்: "பழைய மெஷின்ல பாத்த மீனையே இதுலயும் விட்டுப் பாப்போமே. ரெண்டும் ஒத்துப்போனா மேடத்துக்கும் திருப்தி."

குளிர்பெட்டியிலிருந்து ஒரு மீனை எடுத்தேன். நான் பழைய மெஷினில் அளந்து கையெழுத்துப் போட்ட மீன். அதன் மறுபாதி அண்ணியின் தட்டுக்குப் போயிருந்தது.

திரையில் எண் வந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். பழைய எண்ணைப்போல் நூறு மடங்குக்கும் மேலே ஆர்சனிக்.

ஆர்சனிக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழைய கதைகளில் ராஜாவின் பாலில் கலப்பார்களே, பாஷாணம், அதில் இருப்பது இதுதான்.

சாம்பிள் பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

"உப்பா இருக்கும்," என்றான் உப்பு. அந்த ஒருமுறை அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது, ஏனென்றால் அதில் நியாயம் இருந்தது. கடல் மீனில் உப்பு உண்டு. உப்பில் குளோரின் உண்டு. அந்தத் தீயில் குளோரினும் ஆர்கானும் ஒட்டிக்கொண்டால், இரண்டும் சேர்ந்த எடை சரியாக ஆர்சனிக்கின் எடையாக இருக்கும். மெஷின் ஏமாந்து அதையும் ஆர்சனிக் என்று எண்ணிவிடும். அந்த ஏமாற்றைத் தடுக்க வழியில் ஹீலியம் வாயுவை விடுவார்கள். ஒட்டுச்சோடிகள் அதில் மோதி மோதிப் பின்தங்கிவிடும், தனி ஆர்சனிக் மட்டும் கடந்து போகும்.

ஹீலியத்தைத் திறந்தோம். எண் இறங்கவே இல்லை. வெறும் உப்புத்தண்ணீரை விட்டுப் பார்த்தோம். ஒன்றுமே வரவில்லை.

"உப்பு இல்ல," என்றான் உப்பு. அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல்முறை.

எங்கள் தலைமை அதிகாரியை மேடம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். நாங்கள் ஓடிப் போய் நின்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, நிதானமாகக் கேட்டார்: "எவ்வளவுன்னு தெரிஞ்சுபோச்சு. என்ன வகைன்னு தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"ஆர்சனிக் எதோட சேந்திருக்குங்கறதைப் பொறுத்து ஒண்ணு ஆளைக் கொல்லும், ஒண்ணு சும்மா போயிடும். அது தெரியாம இங்கேருந்து ஒரு தாளும் வெளிய போகக்கூடாது. பிரிச்சுப் பாருங்க."

அன்று மாலை நான் மீன் வாங்காமல் வீட்டுக்குப் போனேன். பூனை கொஞ்ச தூரம் வந்துவிட்டு, என்னைத் திட்டுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுத் திரும்பிப் போனது.

"என்ன நாத்தனாரே, கையை வீசிக்கிட்டு வர்றீங்க?" என்றாள் அண்ணி.

"இன்னைக்குப் படகு எதுவும் போகலையாம் அண்ணி."

"ஓஹோ. பக்கத்து வீட்டு மீன் மட்டும் நடந்து வந்துச்சா?"

பொய் சொல்ல எனக்கு வராது. சண்டை போட வரும், பொய் வராது. சமையலறை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். பழைய எண், புது எண், ஹீலியம், உப்பு. அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"நீ சொன்னதாலதான் சாப்பிட்டேன்," என்றாள்.

அவ்வளவுதான். நான் என் அறைக்குப் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

காலையில் மேஜையில் என் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் ஒரு ஜாம் பாட்டில் இருந்தது. பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு.

"மீனை அளந்தது போதும்," என்றாள் அண்ணி. "என்னை அள."

அண்ணன் அந்தப் பாட்டிலைப் பார்த்ததும் இரண்டு அடி தள்ளி நின்றான். அதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லவே தேவையில்லை.

பிரிக்கிற வேலை இப்படித்தான். மெஷினுக்கு முன்னால் ஒரு மெல்லிய குழாயை மாட்டுவோம். அதற்குள் பிசின் மணிகள் இறுக்கி அடைத்திருக்கும். மீனிலிருந்து எடுத்த சாற்றை ஒரு முனையில் விட்டால், உள்ளே இருக்கிற வகைகள் ஒவ்வொன்றும் மணிகளில் ஒட்டிக்கொண்டும் விட்டுவிட்டும் தன் வேகத்தில் நகரும். ஒட்டாதது முதலில் வெளியே வரும், அதிகம் ஒட்டுவது கடைசியில். ஒவ்வொன்று வரும்போதும் திரையில் கோடு ஒரு மேடாக எழும்பி இறங்கும். எங்கே மேடு வந்தது என்று பார்த்தால் என்ன வகை, எவ்வளவு பெரிய மேடு என்று பார்த்தால் எவ்வளவு.

விஷமான ஆர்சனிக்கில் இரண்டு உண்டு. நாங்கள் அவற்றை மூத்தது, இளையது என்போம். மூத்தது பொல்லாதது. அது குழாயில் ஒட்டாமல் ஆரம்பத்திலேயே வந்துவிடும். இளையது கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் விஷம்தான். அது கடைசியில் வரும்.

மீன் சாற்றை விட்டோம். உப்பு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கோடு தரையோடு தரையாக ஓடியது. சட்டென்று ஆரம்பத்திலேயே எழும்பியது. எழும்பி, எழும்பி, திரையின் உச்சியை முட்டியது. அப்புறம் இறங்கி, கடைசியில் இளையது வரும் இடத்தில் ஒரு சின்ன முண்டு காட்டிவிட்டு ஓய்ந்தது.

"மூத்தது வர்ற இடம்," என்றான் உப்பு.

அந்த மேடு முழுக்க மூத்தது என்றால், அண்ணி மாதக்கணக்கில் அதைத் தின்றிருக்கிறாள். நான் தட்டில் எடுத்து வைத்திருக்கிறேன்.

மேடம் வந்து திரையைப் பார்த்தார். "மூத்தது மட்டும் இல்ல, குழாயில ஒட்டாத எதுவுமே அந்த இடத்துலதான் வரும். மீன்ல ஆர்சனோபீட்டைன்னு ஒண்ணு இருக்கும்னு படிச்சிருக்கேன். அதுவும் ஒட்டாது. அது சாதுவானது, ஒண்ணும் பண்ணாது. ஆனா நான் இதுவரைக்கும் அதைக் கண்ணால பாத்ததில்ல."

"ரெண்டும் ஒரே இடத்துல வந்தா எப்படி மேடம் பிரிக்கிறது?"

"சுத்தமான ஆர்சனோபீட்டைன் மட்டும் இருக்கற ஸ்டாண்டர்ட் பாட்டில் இருந்தா பக்கத்துல வெச்சுப் பாக்கலாம். நம்மகிட்ட இல்ல. ஆர்டர் பண்ணினா வர்றதுக்கு மாசக்கணக்காகும்."

அத்தனை மாதம் அண்ணி முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்று தெரியவில்லை. அப்போது பார்த்து, உப்பு கிணற்றுத் தண்ணீர் சாம்பிள் பாட்டிலை மூடாமல் மேஜைமேல் வைத்திருந்தது கண்ணில் பட்டது.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!" என்று ஆரம்பித்தேன். "காத்து பட்டா உள்ள இருக்கற மூத்தது எல்லாம் இளையதா மாறிப்போயிடும், அப்புறம் எதை அளக்கறதுன்னு..."

பாதியில் நிறுத்திவிட்டேன். வாய் திறந்தபடியே இருந்தது.

"என்னாச்சு?" என்றான் உப்பு, இன்னும் திட்டு வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு.

"மாறட்டும்," என்றேன். "வேணும்னே மாத்துவோம். காத்து எதுக்கு? காத்தைவிட வேகமா மாத்தற பெராக்சைடை ஊத்துவோம். அந்த மேடு மூத்ததா இருந்தா, இளையதா மாறிக் கடைசிக்கு ஓடிப்போகும். மூத்ததா இல்லைன்னா அங்கேயே நிக்கும்."

மேடம் என்னைப் பார்த்தார். "பெராக்சைடு வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்? அந்த மேடு நகரலைன்னா, பெராக்சைடு கெட்டுப்போயிருந்ததாலயும் நகராம இருக்கலாமே."

அதுதான் மேடம். நான் அவசரக்காரி, எனக்கு அது தோன்றியிருக்காது. அவரே வழியும் சொன்னார். மீன் சாற்றில் நாங்களே கொஞ்சம் மூத்ததைப் போடவேண்டும். அப்புறம் பெராக்சைடு. நாங்கள் போட்டது ஓடினால் பெராக்சைடு நல்லது என்று தெரிந்துவிடும். மீனுடையது அதோடு சேர்ந்து ஓடுகிறதா, நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

மூத்ததைப் போட்டு, பெராக்சைடு விடாமல் ஒருமுறை ஓட்டினோம். முதல் மேடு இன்னும் பெரிதானது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாகிவிட்டன, எது யாருடையது என்று சொல்ல ஆளில்லை. அப்புறம் அதே சாற்றில் பெராக்சைடு விட்டு, ஒரு மணிநேரம் லேசாகச் சூட்டில் வைத்தோம். அந்த ஒரு மணிநேரத்தில் நான் கழுவிய குடுவைகளையே திரும்பக் கழுவினேன்.

ஊசி சாற்றை உறிஞ்சியது. கோடு ஓட ஆரம்பித்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் இடத்தில் மேடு எழுந்தது. அதே உயரம். நாங்கள் எதையும் போடுவதற்கு முன் மீன் காட்டிய அதே மேடு, ஒரு மயிரிழை கூடக் குறையாமல். அப்புறம் கோடு தரைக்கு வந்து, அமைதியாக ஓடி, கடைசியில் இளையது வரும் இடத்தில், முன்பு சின்ன முண்டு இருந்த இடத்திலேயே, ஒரு பெரிய மேட்டைக் காட்டியது. நாங்கள் போட்டது அங்கே போய்விட்டது. மீன் வைத்திருந்தது நகரவில்லை.

மேடம் முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்து இரண்டு மேட்டையும் சரிபார்த்தார்.

"அப்ப பழைய மெஷின் ஏன் இதைப் பாக்கல?" என்று உப்புதான் கேட்டான்.

அந்தக் கேள்விக்கு விடை என் மனதில் மெல்ல மெல்ல வந்தது. வந்தபோது உடம்பு சிலிர்த்தது. நாங்கள் மீனை அமிலத்தில் கொதிக்கவைத்தோம். சதை போயிற்று, முள் போயிற்று, கண் போயிற்று. குடுவையில் தண்ணீரைத் தவிர எதுவும் தெரியாது. எல்லாம் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். இது உடையவில்லை. கொதிக்கிற நைட்ரிக் அமிலத்துக்குள்ளே, தன்னைச் செய்த மீன் முழுக்கக் கரைந்துபோன பிறகும், இது மட்டும் முழுசாக உட்கார்ந்திருந்தது. உடையாததால் வாயுவாகவில்லை. வாயுவாகாததால் பழைய மெஷினின் விளக்குக்குத் தெரியவில்லை. சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான ஒரு தீ வந்துதான் அதைப் பிரிக்க வேண்டியிருந்தது. இத்தனை வருடம் அது என் கைக்குள் இருந்திருக்கிறது, நான் சாக்கடையில் ஊற்றியிருக்கிறேன்.

மேடம் பழைய கோப்பிலிருந்து என் பழைய எண்ணை எடுத்து, திரையின் கடைசியில் மீன் தானாகக் காட்டிய அந்தச் சின்ன முண்டின் அளவோடு வைத்துப் பார்த்தார். இரண்டும் ஏறக்குறைய ஒன்று. பழைய மெஷின் பொய் சொல்லவில்லை. விஷத்தை மட்டும் அளந்திருக்கிறது, சாதுவைப் பார்க்கவே இல்லை.

"சரியான பதில்," என்றார் மேடம். "ஆனா ஏன் சரின்னு நமக்கே தெரியாம இருந்திருக்கோம்." அவர் உட்கார்ந்துகொண்டார். அவர் எங்கள் முன்னால் அப்படித் தளர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "கடல்ல ஆர்சனிக் எப்பவும் இருக்கு. கண்ணுக்குத் தெரியாத பாசி அதை உரம்னு நெனச்சு உள்ள இழுத்துக்கும், ரெண்டும் அவ்வளவு ஒரே மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் அதைச் சும்மா விடாது. கொஞ்சம் கொஞ்சமா வேறொண்ணா மாத்தும். பாசியை இன்னொண்ணு தின்னும், அதை மீன் தின்னும். மீன் உடம்புக்கு வந்து சேரும்போது அதுல விஷமே இல்ல. யார் எந்த இடத்துல எப்படி அதைச் செய்யறாங்கன்னு இன்னும் முழுசாத் தெரியலைன்னு சொல்றாங்க."

நான் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தேன். அடுக்கடுக்காக மீன்கள், உறைந்து, வாய் லேசாகத் திறந்து. அத்தனை வருடம் அவற்றைத் திட்டிக்கொண்டே அரைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கும்பிடத் தோன்றுகிற மாதிரியும் இருந்தது. உப்பு பார்த்துவிடுவானே என்று கதவைச் சாத்தினேன்.

அப்புறம் ஜாம் பாட்டில். ஒப்பிட்டுப் பார்க்க மீனையே தொடாத என் சிறுநீரையும் விட்டோம். என் கோட்டில் எல்லா மனிதருக்கும் இருக்கிற சில குட்டி முண்டுகள். முதல் இடத்தில் ஒன்றுமில்லை, தரை. அண்ணியின் கோட்டில் அதே குட்டி முண்டுகள், என்னுடையதைவிடப் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் முதல் இடத்தில், மீன் காட்டிய அதே இடத்தில், அதே மேடு. பெராக்சைடு விட்டோம். நகரவில்லை. மீன் போட்ட முடிச்சை அண்ணியின் உடம்பும் அவிழ்க்கவில்லை. போனபடியே முழுசாக வெளியே வந்திருக்கிறது. அடுத்தடுத்த காலைகளில் வந்த பாட்டில்களில் அந்த மேடு சரிந்துகொண்டே போய், கடைசியில் என் கோட்டுக்கும் அவள் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது.

படங்களை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். வழியில் மீனும் வாங்கினேன். அண்ணி இத்தனை நாளில் மறுபடி வாந்தி எடுக்க ஆரம்பித்து, பாதியாகியிருந்தாள். மேஜையில் படங்களைப் பரப்பி, விரலால் ஒவ்வொரு மேடாகத் தொட்டுக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு மீனைப் பொரித்து ஒரு தட்டில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். தொடவில்லை.

"பழைய மெஷினும் சரின்னுதான் சொல்லிச்சு," என்றாள். "இப்ப புது மெஷினும் சரிங்குது. நாளைக்கு இன்னொரு மெஷின் வரும். எனக்கு மெஷினெல்லாம் தெரியாது. உன்னைத்தான் தெரியும்." தட்டை என் பக்கம் தள்ளினாள். "நீ சாப்பிடு. அப்புறம் நான் சாப்பிடறேன்."

"அண்ணி, எனக்கு வாடையே ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

ஆளை விடுங்கள் என்று எழுந்துவிடலாம். ஆனால் அவள் கை வயிற்றின்மேல் இருந்தது. அவள் என்னைச் சோதிக்கவில்லை, பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று கேட்கிறாள் என்று புரிந்தது. ஒரு துண்டைப் பிய்த்தேன். மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை, மரியாதைக் குறைவாகிவிடும் என்று தோன்றியது. வாயில் போட்டு மென்றேன். முழுத் துண்டையும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. இதை அண்ணியிடம் இன்றுவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அவள் என் தொண்டை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். அன்று அவளுக்கு வாந்தி வரவில்லை.

மறுநாள் கூடத்துக்கு என் பாட்டிலை எடுத்துப் போனேன். உப்பு எதுவும் கேட்காமல் ஊசியில் வைத்தான். கோடு ஓடியது. என் கோடு தரையாகவே ஓடிய அந்த முதல் இடத்தில், அது நிமிர்ந்தது. எழும்பி, எழும்பி, ஒரு மேடானது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். எந்தக் கடலிலோ எந்தப் பாசியோ ஆரம்பித்த வேலை. மீன் வழியாக வந்து, பொரிக்கிற எண்ணெயில் வெந்து, என் வயிற்றில் நுழைந்து, என் ரத்தத்தில் சுற்றி, எதையும் தொடாமல், எதனாலும் தொடப்படாமல், இதோ வெளியே வந்து எனக்கே தன்னைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"உப்பா இருக்கும்," என்று உப்பு ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினான்.

அண்ணிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்ன தெரிஞ்சுது?"

"எனக்குள்ள வந்துச்சு, போயிடுச்சு அண்ணி. அப்படியே முழுசா. எதையும் தொடல."

"எனக்கும் அப்படித்தானா?"

"உங்களுக்கும் அப்படித்தான்."

கடைக்குச் சாமான் சொல்லுகிற சாதாரணக் குரலில், "சரி, சாயங்காலம் வரும்போது மீன் வாங்கிட்டு வா," என்றாள். "மூணு பேருக்கு."

"அண்ணன் லாரி எடுத்துட்டுப் போயிட்டானே அண்ணி. திரும்பி வர இன்னும் ரெண்டு நாளாகுமே."

"தெரியும்," என்றாள் அண்ணி. "அவரைச் சேக்காமதான் சொல்றேன்."